போன் திரையில் மஞ்சள் தெரியாது

போன மாம்பழ சீசனில் ஒருநாள், சாயங்காலம் ஏழு மணி இருக்கும், காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பாட்டி என் கிளினிக்குக்கு வந்தார். கூடக் குழந்தை இல்லை, கையில் போன்தான் இருந்தது. "டாக்டரம்மா, பேத்தி பொறந்து அஞ்சு நாளாச்சு, டெக்சாஸ்ல இருக்கா, கொஞ்சம் மஞ்சளாத் தெரியுது, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று வீடியோ காலைப் போட்டு நீட்டினார். அங்கே காலை எட்டரை மணி. ஜன்னல் ஓரமாக மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் காட்டச் சொன்னது பாட்டிதான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குழந்தையின் நிறத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அறை விளக்கு, கேமரா, போர்த்திய துணி எல்லாம் சேர்ந்து ஒரு நொடி மஞ்சளாகவும் அடுத்த நொடி சிவப்பாகவும் காட்டியது. சரி என்று நிறத்தை விட்டுவிட்டு வேறு இரண்டு கேள்வி கேட்டேன். நேற்று காலையிலிருந்து எத்தனை டயப்பர் நனைந்தது? இரண்டு. பாலுக்குத் தானாக விழிக்கிறதா? "இல்ல மேடம், சமத்தாத் தூங்குறா, எழுப்பினா ரெண்டு வாய் குடிச்சிட்டுத் திரும்பத் தூங்கிடுறா."

ஐந்தாம் நாள் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். பால் போதாத குழந்தையும் மஞ்சள் காமாலை ஏறிய குழந்தையும் இப்படித்தான் "சமத்தாக" தூங்கும். இப்போதே கிளம்புங்கள் என்றேன். அப்போதுதான் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னார், குழந்தை பேரில் இன்சூரன்ஸ் கார்டு இன்னும் வரவில்லை, பில் எவ்வளவு வருமோ என்று முதல் செக்கப்பைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டோம் என்று.

இந்தத் தயக்கத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் கம்பெனி வழியாக இன்சூரன்ஸ் இருந்தால், பிறந்த 30 நாளுக்குள் குழந்தையின் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும், பிறந்த நாளிலிருந்தே அது செல்லும். உங்கள் பங்கு என்று ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும், அது வேறு. ஆனால் கார்டு வரட்டும் என்று ஐந்து நாள் குழந்தையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு 111 என்ற மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது, ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், முதல் சில நாட்கள் மிட்வைஃப் வீட்டுக்கே வந்து பார்ப்பார். அவரிடம் கேளுங்கள், கிருஷ்ணகிரியில் இருக்கும் என்னிடம் அல்ல.

அந்தக் குழந்தைக்கு ரத்தத்தில் பிலிருபின், அதாவது உடம்பை மஞ்சளாக்கும் பொருள், அதிகமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்து அனுப்பினார்கள். ஜன்னல் வெயில் இதற்கு வைத்தியம் இல்லை. அளவு மிக அதிகமானால் அது மூளையைத் தாக்கலாம், காது கேட்காமல் போகலாம். பிறந்த முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

அப்புறம், மகளின் பிரசவத்துக்கு விமானம் ஏறும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் வசம்பு, உரை மருந்து, கண் மை, சேனை தொட்டு வைக்கத் தேன் என்று அடுக்குகிறீர்கள். அன்பால்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் கைகால் துவண்டு மூச்சே திணறும், மையில் ஈயம் கலந்திருக்கலாம். அந்த இடத்தில் பூண்டும் ரசப்பொடியும் வையுங்கள். மகளுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு, தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று இன்னமும் சொல்லும் வீடுகள் இங்கே இருக்கின்றன, பால் கொடுக்கிறவளுக்கு அது பெரிய கொடுமை.

ஊருக்கு வரும்போது தடுப்பூசி அட்டையும், குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்த பரிசோதனை முடிவும் கைப்பையில் இருக்கட்டும். ஆறு மாதம் முடிந்த குழந்தை என்றால், இந்தியாவுக்குக் கிளம்பும் முன்பே அங்குள்ள டாக்டரிடம் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவைத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி பற்றிக் கேளுங்கள். வழக்கமாக ஒரு வயதில் போடுவதை, பயணம் என்றால் முன்கூட்டியே ஒரு டோஸ் போடுவார்கள். காசநோய்க்கான பிசிஜியை இங்கே பிறந்தவுடன் போடுகிறோம், அமெரிக்காவில் வழக்கமாகப் போடுவதில்லை.

அந்தப் பேத்தி எட்டாம் மாதம் மொட்டை போட ஊருக்கு வந்தாள். இடது தோளில் பிசிஜி போட்டேன். சில வாரத்தில் அங்கே ஒரு கொப்புளம் வரும், உடையும், தானாக ஆறித் தழும்பாகும், எதையும் தடவாதீர்கள் என்று பாட்டியிடமும் மகளிடமும் சொன்னேன். அதற்குள் அவர்கள் டெக்சாஸ் திரும்பியிருப்பார்கள். புண்ணைப் பார்த்து அங்குள்ள டாக்டர் குழம்பக் கூடாது என்று, என்ன ஊசி, எந்தத் தேதி, எந்தத் தோள் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.