சொன்னால்தானே தெரியும்: ஆட்டிச நிலையாளரும் தொலைதூரக் காதலும்

“சரி.”

இரவு பத்தரை மணிக்குக் காதலரிடமிருந்து வரும் செய்தி இது. ஒரே சொல், பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. அவர் இருப்பதோ வேறு ஊரில். கோபத்தில் எழுதினாரா, தூக்கக் கலக்கத்தில் எழுதினாரா, உண்மையிலேயே சரிதானா என்று விளங்கவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாமே என்று பலரும் ஏங்கும் நேரம் இது. ஆனால் ஆட்டிச நிலையாளர்கள் (புலன்களையும் பிறரோடு பழகுவதையும் மூளை வேறு விதமாகக் கையாளும் நிலையோடு பிறந்தவர்கள்) பலருக்கு, பக்கத்தில் இருந்தாலும் முகம் அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. அதனால் அவர்களில் பலர், “இந்தச் ‘சரி’க்கு என்ன பொருள்?” என்று நேரடியாகக் கேட்டுவிடுகிறார்கள்.

தொலைதூரக் காதலில் எல்லாரும் கடைசியில் வந்து சேர வேண்டிய இடமும் அதுவே. அங்கே குறிப்பால் உணர்த்த முடியாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும். மற்றவர்கள் சிரமப்பட்டுக் கற்கும் இந்தப் பழக்கத்தை ஆட்டிச நிலையாளர்கள் கையோடு கொண்டுவருகிறார்கள். அதனால் தூரம் அவர்களுக்குச் சில இடங்களில் கைகொடுக்கிறது, சில இடங்களில் காலை வாருகிறது. இரண்டுக்குமே மூளையிலும் தோலிலும் தொலைபேசியிலும் காரணங்கள் இருக்கின்றன.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆட்டிசத்துக்கு ‘மதி இறுக்கம்’ என்றொரு தமிழாக்கம் நெடுநாளாகப் புழங்குகிறது. நான் அதைத் தவிர்க்கிறேன். உள்ளே எல்லாம் இறுகிக் கிடக்கிறது, அன்புக்கும் ஆசைக்கும் அங்கே இடமில்லை என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. ஜெர்மனியில் ஆட்டிச நிலையிலுள்ள 229 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், காதல் உறவே வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான். நூற்றுக்கு 73 பேர் காதல் உறவில் இருந்து பார்த்தவர்கள். அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்களிடம் எடுத்த கணக்கு இது. ஆட்டிசத்தின் எல்லா நிலைகளுக்கும் இதை நீட்டிவிடக் கூடாது. ஆனாலும் ஆசையே இல்லாதவர்கள் என்ற பழி அவர்கள்மீது பொய்யாகச் சுமத்தப்பட்டது என்பதற்கு இது போதும்.

நேரில் பேசும்போது நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது என்று பத்து மொழிகளில் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. சராசரி இடைவெளி நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு சொல்லை மனத்தில் தேடியெடுத்து நாவுக்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. அப்படியானால் எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே, அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, பதிலைத் தயார்செய்துவிட வேண்டும். அதே நேரத்தில் புருவம், குரலின் ஏற்ற இறக்கம், கண், கை என எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க வேண்டும். உணவகத்தில் சந்திப்பு என்றால் தட்டு உரசும் ஒலியும் பக்கத்து மேசைப் பேச்சும் குழல்விளக்கின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலான மூளைகள் பின்னணிச் சத்தத்தைத் தானாகவே ஒதுக்கிவிடுகின்றன. ஆட்டிச நிலையாளர்கள் பலருக்கு அது ஒதுங்குவதில்லை. காதலியின் குரலும் கரண்டியின் ஒலியும் ஒரே தரத்தில் வந்து விழுகின்றன.

கண்ணைப் பார்த்துப் பேசுவதும் இப்படித்தான். பாஸ்டனில் நடந்து 2017இல் வெளியான மூளைப்பட ஆய்வில், திரையில் தோன்றும் முகங்களின் கண்களை மட்டும் பார்க்கச் செய்தபோது, ஆட்டிச நிலையாளர்களின் மூளையில் ஆழத்தில் உள்ள, முகங்களுக்கு உடனடியாக எதிர்வினை செய்யும் பகுதிகள் மிகையாகத் தூண்டப்பட்டன. பார்வையை விலக்குவது அக்கறையின்மை என்று எத்தனையோ பேர் தவறாக எண்ணி உறவை முறித்திருப்பார்கள். அது பெரும்பாலும், சுடும் பாத்திரத்திலிருந்து கையை எடுப்பது போன்ற ஒன்று. இவ்வளவையும் மறைத்துக்கொண்டு இயல்பாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளப் பலர் பழகிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரச் சந்திப்புக்குப் பிறகு இரண்டு நாள் படுத்துக் கிடக்கிறார்கள்.

எழுத்துச் செய்தியில் அந்த ஐந்தில் ஒரு பங்கு நொடி என்ற கெடு இல்லை. படிக்கலாம், திரும்பப் படிக்கலாம், எழுதி அழித்து மறுபடியும் எழுதலாம். இந்தத் தாமதத்தின் அருமை இன்னோர் இடத்தில் புரியும். தனக்குள் எழும் உணர்ச்சி இன்னதென்று பிரித்தறிந்து பெயரிட முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். ஆட்டிச நிலையாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2019இல் காட்டியது. “உனக்கு என்ன வருத்தம்?” என்று முகத்துக்கு நேரே கேட்டால் “தெரியவில்லை” என்பதுதான் அவர் சொல்லக்கூடிய உண்மையான பதில். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நீண்ட செய்தி ஒன்று வரும்: நேற்று நீ நேரத்தை மாற்றியது என்னைக் கலக்கிவிட்டது, அது கோபம் இல்லை, பயம் என்று. நேரில் நடந்த சண்டையில் இந்தப் பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை.

தொலைபேசியை மட்டும் இதோடு சேர்க்க முடியாது. பிரிட்டனில் 245 ஆட்டிச நிலையாளர்களிடம் எந்த வழியில் பேசப் பிடிக்கும் என்று கேட்டு 2021இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி அழைப்பு கடைசி வரிசையில் நின்றது. நெருங்கியவர்களோடு என்றால் எழுத்தும் நேர்ச்சந்திப்பும் பிடிக்கும் என்றார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. தொலைபேசியில் முகமும் இல்லை, நிதானமும் இல்லை. போதாக்குறைக்கு, பழைய வகைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருப்பதால் வெட்டுப்பட்டுப் போகிறது. காணொளி அழைப்பில் சிக்கல் வேறு. ஒலி வந்து சேரத் தாமதமாகும்போது, மனிதர்கள் இணைப்பைக் குறை சொல்வதில்லை. எதிரே இருப்பவர் கவனமில்லாமல் இருக்கிறார் என்று எண்ணுகிறார்கள். ஜெர்மனியில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு இதை அளந்தே காட்டியது. பதில் சொல்ல ஏற்கெனவே கொஞ்சம் அதிக நேரம் எடுப்பவருக்கு இணையத்தின் தாமதமும் சேர்ந்தால், அவர்மீது விழும் பழி இரட்டிப்பாகிறது.

எழுத்திலும் ஒரு பள்ளம் உண்டு: மௌனம். ஆட்டிச நிலையாளரின் கவனம் பல திசைகளில் சிதறாமல் ஒரே ஓடையாக ஆழமாகப் பாய்கிறது என்ற கருத்தை டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் ஆகியோர் 2005இல் ஒரு கட்டுரையில் விரித்தார்கள். ஒரு வேலையில் மூழ்கிவிட்டால் ஆறு மணி நேரம் போனதே தெரியாது. செய்தியைப் பார்த்ததற்கான இரண்டு நீலக்குறிகள் மட்டும் விழுந்திருக்கும். மறுமுனையில் இருப்பவரும் ஆட்டிச நிலையாளர் என்றால் நிலைமை இன்னும் கடினம், ஏனென்றால் என்ன நடக்கிறது என்று தெரியாத நிலை அவர்களைப் பதற்றத்தில் தள்ளிவிடும். இதற்குப் பலர் கண்டுகொண்ட வழி எளிமையானது. “மூழ்கப் போகிறேன், ஒன்பது மணிக்கு வருவேன்” என்று ஒரு வரி. அல்லது பத்துக்கு எத்தனை என்று ஓர் எண்: இன்று என் தெம்பு மூன்று. மூன்று என்றால் பேச்சு வேண்டாம், ஆனால் கோபமில்லை என்று இருவருக்கும் தெரியும். காதலில் என்ன கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணில் பெரிய அன்பு தெரிகிறது.

வேறு மொழிகளும் உண்டு. அடேலி பென்குயின்கள் கூடு கட்டக் கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து துணையிடம் சேர்க்கும். அதைப் பார்த்து, சின்னச் சின்னப் பொருள்களைப் பகிர்வதைக் கூழாங்கல் கொடுப்பது என்று ஆட்டிச நிலையாளர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு வண்டின் படம், பழைய ரயில் அட்டவணை, ஒரு மேகம். “உன் நினைவு வந்தது” என்பதே அதன் பொருள். காணொளியைத் திறந்துவைத்துக்கொண்டு, பேசாமல் அவரவர் வேலையைப் பார்ப்பதும் அப்படியே. ஒருவர் துணி மடிப்பார், மற்றவர் நிரல் எழுதுவார். இரண்டு மணி நேரத்தில் நான்கு சொற்கள்.

உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவர் ஆட்டிச நிலையாளர் என்பதால், இந்த மொழிகள் புரியும் இன்னோர் ஆட்டிச நிலையாளர் அதே தெருவில் துணையாகக் கிடைப்பது அரிது. ஆட்டிச நிலையாளரும் சமூகவியலாளருமான டேமியன் மில்டன், ஆட்டிச நிலையாளருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான புரிதல் சிக்கல் ஒரு பக்கத்துக் குறை இல்லை, இரு பக்கமும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததே என்று 2012இல் எழுதினார். எடின்பரோ ஆய்வாளர்கள் இதை எட்டுப் பேர் கொண்ட வரிசைகளில் சோதித்தார்கள். முதல் ஆளுக்குச் சொன்ன கதையை ஒருவர் மாற்றி ஒருவர் கடத்த வேண்டும். 2020இல் வெளியான முடிவில், ஆட்டிச நிலையாளர் மட்டும் இருந்த வரிசை மற்றவர்கள் வரிசைக்குச் சமமாகக் கதையைக் காத்தது. கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. 311 பேரைக் கொண்டு செய்து 2025இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் கலந்த வரிசையும் சமமாகவே காத்தது. ஆட்டிச நிலையாளரால் செய்தியைச் சரியாகக் கடத்த முடியாது என்ற பழைய எண்ணம் இரண்டிலுமே நிற்கவில்லை.

ஆட்டிச நிலையாளர் பலரிடம் உள்ள, சொன்னதைச் சொன்னபடியே நம்பும் குணத்தால் தூரத்துக் காதலில் ஓர் ஆபத்து உண்டு. முகம் காட்டாமல் பணம் கேட்பவரைப் பற்றி நெருங்கிய நண்பர் ஒருவரிடமாவது சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

தூரத்தால் ஈடுகட்ட முடியாதது தொடுதல். மெதுவாக வருடுவதை முதன்மையாக உணர்ந்து மூளைக்குக் கொண்டுசெல்லும் தனி நரம்பிழைகள் நம் தோலில் இருக்கின்றன. பலருக்கு அந்த வருடல் ஆறுதல். ஆட்டிச நிலையாளர் சிலருக்கு அது எரிச்சல். இறுக்கமான அழுத்தம்தான் அமைதி தரும். ஆட்டிச நிலையாளரும் அமெரிக்க விலங்கியல் அறிஞருமான டெம்பிள் கிராண்டின் இளம் வயதில், மாடுகளை அசையாமல் நிறுத்தும் கூண்டைப் பார்த்துவிட்டுத் தனக்கென ஓர் அழுத்தும் இயந்திரம் செய்துகொண்டது இதற்காகத்தான். கனமான போர்வை கொஞ்சம் உதவும். ஆனால் அது அணைப்புக்கு ஈடாகாது.

அதைவிடக் கடினமான கட்டம், தூரம் தீரும் நாள். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிரிந்திருந்து ஒரே ஊருக்கு வந்த காதலர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதத்துக்குள் பிரிந்தார்கள். அது பொதுவான மாணவர்களின் கணக்கு. ஆட்டிச நிலையாளருக்கு இதற்கு மேலும் உண்டு: இன்னொருவரின் சோப்பு வாசம், அவர் மெல்லும் ஒலி, எப்போது எழுந்து எங்கே நடப்பார் என்று தெரியாத ஒரு நாள். இவற்றில் எதையும் திரை கடத்தியதில்லை. அதனால் முதல் நாளில் எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாமல், கதவைச் சாத்திக்கொள்ள ஆளுக்கோர் அறை என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது பலன் தரும்.

ஒரே வீட்டுக்கு வந்த பிறகும் சில இணையர் பழைய வழக்கத்தை விடுவதில்லை. சமையலறையில் இருப்பவரின் கைப்பேசி அதிரும். படுக்கையறையிலிருந்து ஒரு செய்தி: “தெம்பு நான்கு. பக்கத்தில் வந்து உட்கார். பேச வேண்டாம்.”