அரக்குத் தட்டில் ஸ்பிரிட் போடாதீர்கள்

போன வாரம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் தாத்தா வைத்திருந்த கிராமபோன் பிளேட்டுகள், மொத்தம் 14. பழைய வேட்டியில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவே செய்தித்தாள் வைத்துப் பக்குவமாகத்தான் கொண்டுவந்திருந்தார். பிரித்துப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 11 தட்டுகள் பளபளப்பே இல்லாமல், ஏரி வற்றிய தரைபோலத் திட்டுத்திட்டாக இருந்தன.

"ஒரே தூசி சார். கொரோனா சமயத்துல வாங்குன சானிடைசர் வீட்ல நிறைய கிடந்துச்சு, அதைப் போட்டுத் துடைச்சேன். துணியெல்லாம் கறுப்பா வந்துச்சு. அழுக்கு நல்லா போகுதுன்னு நினைச்சேன்."

துணியில் வந்தது அழுக்கல்ல, தட்டேதான். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இந்தத் தட்டு, பின்னால் வந்த எல்.பி. தட்டுபோல வினைல் பிளாஸ்டிக் கிடையாது. மரக்கிளைகளில் பூச்சிகள் சுரக்கிற அரக்கில் கல் பொடியும் கரியும் கலந்து அழுத்திச் செய்தது. மர வேலை செய்பவர்களைக் கேளுங்கள், அரக்கைக் கரைக்க அவர்கள் ஸ்பிரிட்டைத்தான் ஊற்றுவார்கள். சானிடைசரிலும் அதே சங்கதிதான். இந்த வருடம் என் மேசைக்கு இப்படி வந்தது இது நான்காவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் முகம் வாடியதைப் பார்த்து, கூட வந்த மகன் ஆறுதல் சொன்னான். "விடுங்கப்பா, பாட்டெல்லாம் யூடியூப்ல இருக்கும்."

20 வருடங்களுக்கு மேலாகப் பழைய ஒலிப்பதிவுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் என் தொழில். இந்த ஒரு வாக்கியத்தால் தொலைந்த தட்டுகள் கீழே விழுந்து உடைந்தவற்றைவிட அதிகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் எடைக்குப் போடுகிறார்கள், சுவர்க்கடிகாரம் செய்கிறார்கள், பெயிண்ட் அடித்து ஹோட்டலில் மாட்டுகிறார்கள்.

சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். என்ன பெயரில் இருக்கிறது? தேடிப் பாருங்கள். "பழைய சினிமா பாட்டு", "அரிய பக்திப் பாடல்", "தாத்தா காலத்துப் பாட்டு". தமிழில் பேசும்படம் வந்தது 1931-ல். அதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்பிருந்தே சென்னையில் தமிழ்ப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நாடகப் பாட்டு, ஜாவளி, அருட்பா, காவடிச் சிந்து, பார்சி மெட்டு, நகைச்சுவை வசனம் என்று எத்தனையோ வகை. அவ்வளவையும் நாம் சினிமா, கர்நாடகம், பக்தி என்ற மூன்றே டப்பாவில் அடைத்துவிட்டோம். எதிலும் அடங்காதது தேடலில் வருவதே இல்லை.

பாடியவர் யார் என்பதிலும் இதே குளறுபடிதான். ஒரு முறை ஒருவர் நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி.கிட்டப்பாவின் தட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கேட்டால் யாரோ மந்தமாகப் பாடுவதுபோல் இருந்தது. "ஆம்பளைக் குரல் இவ்வளவு மேல போகாதே, வேகம் தப்புன்னு நானே குறைச்சுட்டேன்" என்றார். கிட்டப்பா 1933-ல், 27 வயதில் இறந்துபோனார். அவர் பாடி வளர்ந்த மேடையில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்றால் எட்டிப் பிடித்துத்தான் பாட வேண்டும். அந்த உச்சஸ்தாயிக்காகத்தான் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. ஆண் குரல் என்றால் கனமாக, தாழ்ந்துதான் இருக்க வேண்டும் என்பது மைக்குக்குப் பிறகு நம் காதுக்கு வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு அவர் குரலைத் திருத்தினால், அந்த மேடையே அழிந்துபோகிறது. (78 என்று சொல்கிறோமே தவிர, ஆரம்ப காலத் தட்டுகள் துல்லியமாக 78-ல் ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வேகம் வைக்க வேண்டும். ஆனால் ஆண் குரல் இப்படித்தான் என்ற ஊகத்தில் வைக்கக் கூடாது.)

இன்னொன்று, பாட்டின் வாலை வெட்டுவது. 1902-ல் கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகி கவ்ஹர் ஜான் பாடியபோது, பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கவ்ஹர் ஜான்" என்று தன் பெயரைச் சொன்னார். மெழுகில் எடுத்த பதிவு ஜெர்மனியில் ஹனோவர் ஆலைக்குப் போய்த் தட்டாக வர வேண்டும். அங்கிருப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிவதற்காக இந்த ஏற்பாடு. ஆர்மீனிய வழியில் ஏஞ்சலினாவாகப் பிறந்து, தாயோடு மதம் மாறி கவ்ஹர் ஆனவர், கடைசியில் மைசூரில் இறந்தார். அவரே தன்னை இன்னார் என்று சொல்லும் இரண்டு நொடி அது. நான் கேட்ட நகல்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு நொடி இல்லை. 'பாட்டு முடிஞ்சிருச்சே, அப்புறம் ஏதோ பேச்சு' என்று இரைச்சலோடு சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். பக்கவாத்தியக்காரர் "பலே" என்பதையும் வெட்டாதீர்கள்.

லேபிளில் இருக்கும் பெயரையும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம், கோயம்புத்தூர் தாயி. அப்பா பெயர் இருக்காது, ஊர் பெயர் இருக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதலெழுத்துகளில் ஒன்று மதுரை, இன்னொன்று அவர் தாயார் சண்முகவடிவு. தாய்வழியாகக் கலை இறங்கிய தேவதாசிக் குடும்பங்களின் அடையாளம் அது. வெள்ளைக்காரன் ஒலிப்பதிவுக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தபோது அதன் முன்னால் தைரியமாக உட்கார்ந்து பாடிய பெண்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். வங்காளத்துத் தட்டுகளில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'அமெச்சூர்' என்று அச்சடித்திருக்கும். நான் தொழிலுக்குப் பாடுபவள் இல்லை, கௌரவமான வீடு என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு சொல்லில் ஒரு சமூகம் எதற்குப் பயந்தது என்பது தெரிகிறது. பாட்டை மட்டும் உருவி எம்பி3 ஆக்கினால் அந்தச் சொல் எங்கே போகும்?

கோயம்புத்தூர் தாயியின் இயற்பெயர் பழனிகுஞ்சரம். வள்ளலாரின் அருட்பாவை ராகமாலிகையாகப் பாடி அவர் கொடுத்த தட்டு பாரிஸ் வரை போனது. மொரீஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதில் மயங்கி, 'ராகமாலிகா' என்றே ஒரு பாட்டு எழுதினார். பின்னால் ஒலிக்கும் நாதம் வர வேண்டுமே என்று பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகி அதன் சத்தத்தை மழுக்கச் சொன்னார். பியானோவை இப்படி மாற்றி வாசிக்கும் வழக்கத்தின் தொடக்கம் எது என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தையும் குறிப்பிடுகிறார்கள். நம் ஊரில் தாயியின் தட்டு எந்தப் பரணில் கிடக்கிறதோ! கிடைத்தாலும் 'பக்திப் பாடல், பாடியவர் பெயர் தெரியவில்லை' என்று ஏற்றிவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

இனி உங்கள் வீட்டுப் பரணுக்கு வருவோம். ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் தட்டில் படக் கூடாது. காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடையுங்கள், அது போதும். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், லேபிள் உரிந்துவரும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல் நிறுத்திவையுங்கள், வெயில் படாத இடத்தில். ஆன்லைனில் வாங்கிய சூட்கேஸ் பிளேயரில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அதன் ஊசி எல்.பி.க்கானது, 78-ன் பள்ளம் அகலம். பழைய குழாய் கிராமபோன் பெட்டியில் துருப்பிடித்த ஊசியோடு ஓட்டுவது அதைவிட மோசம். இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றுவார்கள், அதை நம் தாத்தாக்கள் ஒழுங்காகச் செய்தார்கள்.

நாடக செட்டைப் பங்கு பிரிக்காதீர்கள். பல தட்டுகளில் தொடர்ந்து வரும் ஒரே நாடகத்தை, நகையைப் போல அண்ணனுக்கு மூன்று, தம்பிக்கு மூன்று என்று பிரித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உறையில் இருக்கும் கடையின் பெயர், பென்சிலில் எழுதிய தேதி, கூடவே இருக்கும் பாட்டுப் புத்தகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நாமக்கல்காரரின் தட்டுகளில் ஒன்றில் லேபிள் முழுக்கக் கரைந்துவிட்டது. ஊசி வைத்தால் வெறும் கரகர. ஆனால் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே, வழவழப்பான வளையத்தில் பதித்திருந்த எண் தப்பியிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்பதுதான் சந்தேகம். தாத்தாவோடு சேர்ந்து கேட்ட பெரியம்மா ஒருவர் இருக்கிறாராம், ஒரு பெண் பாடிய வள்ளி பாட்டு என்று மட்டும் அவருக்கு ஞாபகம். அந்த எண்ணோடு இன்னொரு பிரதி யார் வீட்டிலாவது இருக்கலாம். உங்கள் வீட்டுத் தட்டுகளை எதைப் போட்டும் துடைப்பதற்கு முன்னால், லேபிளையும் அந்த வளையத்தையும் செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.