மட்டில்டா விளைவு: பொருளும் பின்னணியும்

ஒரு பெண் செய்த ஆய்வோ கண்டுபிடிப்போ அவர் பெயரில் நிற்காமல், கூட வேலை பார்த்த ஆணின் பெயரில் போய்ச் சேர்வதற்குத்தான் மட்டில்டா விளைவு என்று பெயர். வைத்தவர் அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ரோசிட்டர், 1993-ல்.

இந்தப் பெயருக்குரிய மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். பெண்ணுக்குக் கண்டுபிடிக்கும் திறமையே கிடையாது என்ற பேச்சை மறுத்து, கண்டுபிடித்த பெண்களைப் பற்றி 1870-லேயே ஒரு சிறு நூல் எழுதினார். பிற்பாடு அந்தப் போராட்டத்தின் வரலாற்றில் அவரே ஓரங்கட்டப்பட்டார்.

இதற்கு முன்னோடி மத்தேயு விளைவு. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற மத்தேயு நற்செய்தி வசனத்தை வைத்து, புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேர்வதை சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-ல் அப்படி அழைத்தார். அந்தக் கட்டுரை பெரிதும் நம்பியிருந்தது, சமூகவியலாளர் ஹாரியட் சக்கர்மன் என்ற பெண் நோபல் விஞ்ஞானிகளிடம் எடுத்த பேட்டிகளை. ஆனால் ஆசிரியர் பெயர் மெர்ட்டன் மட்டும்தான். கூட்டுக் கட்டுரையாக வந்திருக்க வேண்டும் என்று அவரே 1973-ல் ஒப்புக்கொண்டார்.

எனக்கு ஆறவே ஆறாதது இயற்பியலாளர் லீசா மைட்னரின் கதை. யூத வம்சாவளி என்பதால் 1938-ல் ஜெர்மனியை விட்டுத் தப்பியோடிய அவருக்கு, பல வருடம் சேர்ந்து உழைத்த வேதியியலாளர் ஓட்டோ ஹான், யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் பேரியம் கிடைக்கிறதே, இது எப்படி என்று கேட்டுக் கடிதம் போடுகிறார். சுவீடன் பனியில் நடந்தபடி அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷ்ஷோடு அதைப் பேசி, கீழே கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டு, அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது என்று விளக்கிவிட்டார். 1944-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும்!

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? ராமன் விளைவு என்கிறோமே, அதுபோல மட்டில்டா விளைவு என்பதே பொருத்தம். பொருள் உடனே விளங்க வேண்டிய இடத்தில் 'பெண் பங்களிப்பு மறைப்பு' என்று பக்கத்தில் சேர்க்கலாம். ஆனால் மட்டில்டாவை எடுத்துவிட வேண்டாம், அவரை நினைவூட்டத்தான் இந்தப் பெயரே வந்தது. அப்புறம், விருது கிடைக்காத எல்லாப் பெண்களுக்கும் இதைப் பொருத்திவிடக் கூடாது. வேலை அவருடையது, பெயர் வேறொருவருக்குப் போனது என்று காட்ட முடிகிற இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.