அந்த மெழுகுக் கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

பெரியவரின் மகள் என் மேசை மேல் ஒரு மஞ்சள் பையை வைத்தார். உள்ளே ஒன்பது வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி, மடிப்பில் கிழிந்துபோன பயாப்ஸி ரிப்போர்ட், அப்புறம் ஒரு மாத்திரைக் கவருக்குள் மூன்று சின்ன பிளாஸ்டிக் சட்டங்கள். தீப்பெட்டி அளவுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் பழுப்பேறிய சதைத் துண்டு.

“இது என்னன்னே எங்களுக்குத் தெரியாது டாக்டர். அப்பா வீட்டுப் பத்திரத்தோட சேத்து பீரோவுல வச்சிருந்தார்.”

பத்திரத்தோடு சேர்த்து வைத்தது ரொம்பச் சரி. அதற்குப் பெயர் ப்ளாக். ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து வெட்டிய துண்டுகளை ஃபார்மலினில் பதப்படுத்தி, நீரை வெளியேற்றி, மெழுகில் புதைத்து வைப்போம். அதிலிருந்து மூன்று, நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவிச் சாயமேற்றினால்தான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும். சீவியது போக மீதி ப்ளாக்கிலேயே இருக்கும், வருடக்கணக்கில்.

பெரியவருக்கு அப்போது இரைப்பைச் சுவரில் கட்டி. எடுத்தார்கள். ரிப்போர்ட் ‘லியோமயோமா’ என்றது. சாதாரணத் தசைக்கட்டி, புற்று இல்லை என்று அர்த்தம். குடும்பம் நிம்மதியாகி, அப்புறம் ஸ்கேன் பக்கமே போகவில்லை. இப்போது வயிறு உப்புசம் என்று போன இடத்தில், கல்லீரலில் நான்கு கட்டிகள். கல்லீரல் புற்று, முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்ற தொனியில் யாரோ பேசியிருக்கிறார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் முன்பே.

பழைய ப்ளாக்கைச் சீவிப் பார்த்தேன். கதிர் போல நீண்ட செல்கள், கற்றை கற்றையாக. இரைப்பைச் சுவரில் இப்படித் தெரியக்கூடியவை முக்கியமாக மூன்று: தசைக்கட்டி, நரம்புறையில் வரும் ஷ்வானோமா, அப்புறம் ஜிஸ்ட் எனப்படும் ஸ்ட்ரோமல் கட்டி. தசைக்கட்டியின் செல்கள் நல்ல இளஞ்சிவப்பாக இருக்கும். ஷ்வானோமாவின் ஓரத்தில் நிணநீர் செல்கள் வேலி கட்டினாற்போல் நிற்கும். இதிலோ செல்கள் வெளிறிக் கிடந்தன, சிலவற்றில் உட்கருவின் ஓரத்தில் குட்டிக் குமிழ். எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் சாதாரணச் சாயத்தை மட்டும் வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. முதலில் பார்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்தது அந்த ஒரு சாயம்தான்.

ஜிஸ்ட் என்பது அபூர்வம். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ பத்துப் பதினைந்து பேருக்கு வருவது. நெடுங்காலம் இதைத் தசைக்கட்டி என்றே எழுதிக்கொண்டிருந்தோம். குடல் தாளம் தப்பாமல் அசைய வைக்கும் கஹால் செல்களோடு உறவுள்ள கட்டி இது, ‘கிட்’ என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் இதைத் தூண்டுகிறது என்று 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரத்தப் புற்றுக்காக உருவாக்கிய இமாட்டினிப் மாத்திரை அதே கிட் புரதத்தையும் அடக்கும். 2000இல் ஃபின்லாந்தில் ஜிஸ்ட் பரவிய ஒரு பெண்ணுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டிகள் சுருங்கின. 2002இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதியும் கிடைத்தது. வழக்கமான கீமோவுக்கு இது பெரும்பாலும் அசைந்து கொடுத்ததில்லை. ஆக, பெயர் மாறினால் வைத்தியமே மாறும்.

பெயரை உறுதிசெய்ய, குறிப்பிட்ட புரதத்தைத் தேடிக் காட்டும் இம்யூனோ சோதனை வேண்டும். மெழுகில் புதைந்த புரதத்தை முதலில் வெளிக்கொண்டுவர வேண்டும். அதற்கு எங்கள் லேபில் உள்ள கருவி, சமையலறைக் குக்கர்தான்! சிட்ரேட் கரைசலில் ஸ்லைடுகளை அடுக்கி, மூடி, நேரம் பார்த்து இறக்குவோம். புதிதாகச் சேரும் பையன்கள் சிரிப்பார்கள். அப்புறம் எதிர்ப்பொருள் ஊற்றினால், புரதம் இருக்கும் இடம் காப்பிப் பொடி நிறத்தில் தெரியும்.

கிட் புரதத்தைக் காட்டும் சிடி117 சாயத்தில் நான் முதலில் பார்ப்பது கட்டியை இல்லை, அதன் ஓரத்தில் அங்கங்கே நிற்கும் மாஸ்ட் செல்களை. எல்லோர் உடம்பிலும் இருக்கும் செல்கள், அவற்றிலும் கிட் உண்டு. அவை பழுப்பானால்தான் சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது. அவையே வெளுத்திருந்தால் ‘நெகட்டிவ்’ என்ற முடிவுக்கு மதிப்பில்லை. அன்று மாஸ்ட் செல்கள் பளிச்சென்று இருந்தன. கட்டியும் முழுக்கப் பழுப்பு. டாக்1 என்ற இன்னொரு சாயமும் அதையே சொன்னது. பிறகு கல்லீரலில் ஊசி போட்டு எடுத்த நூல் போன்ற சதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே செல்கள், அதே நிறம். அவருக்கு வந்தது கல்லீரல் புற்றே இல்லை.

அதோடு முடியவில்லை. எந்த மாற்றம் என்று மரபணுச் சோதனையும் வேண்டும். கிட் மரபணுவின் எக்ஸான் எனப்படும் பகுதிகளில் 11ஆம் எக்ஸானில் என்றால் தினம் 400 மில்லிகிராம் மாத்திரைக்குப் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். 9ஆம் எக்ஸானில் என்றால் 800 வரை தேவைப்படலாம். பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற இன்னொரு மரபணுவில் டி842வி மாற்றம் என்றால் இந்த மாத்திரை வேலைக்கே ஆகாது. பெரியவருக்கு 11.

எல்லாக் கதையும் இப்படிப் போவதில்லை. ஒரு சனிக்கிழமை மாலை எங்கோ ஆபரேஷன் நடந்து, திங்கள் காலை எனக்கு ஒரு கட்டி வந்தது. ஊறுகாய் பாட்டிலில், சலைனில் மிதந்தபடி. சலைன் சதையைக் காப்பாற்றாது. நடுப்பகுதி கூழ். குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டிருக்க வேண்டும், உள்ளே இறங்க வசதியாகக் கட்டியை வகுந்தும் விட்டிருக்க வேண்டும். ஜிஸ்ட் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் 5 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எத்தனை செல்கள் பிளவுபடுகின்றன என்று எண்ணியாக வேண்டுமே! அந்த எண்ணிக்கை, கட்டியின் அளவு, இருந்த இடம், ஆபரேஷனில் உடைந்ததா என்பதை வைத்துத்தான் மூன்று வருடம் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள். கூழில் எதை எண்ணுவது? ‘மதிப்பிட இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதிய கை இன்றும் உறுத்துகிறது.

“ஊசி குத்தினா பரவிடுமாமே” என்று கேட்காத குடும்பம் இல்லை. பெரும்பாலான கட்டிகளில் அந்தப் பயம் வீண். ஜிஸ்டில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. வயிற்றுக்குள் உடைந்தால் சிதறக்கூடிய கட்டி இது. அதனால்தான் முடிந்தவரை எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே சதை எடுப்பார்கள். எங்கே, எப்படிக் குத்துவது என்பது தெரிந்தவர் கையில் விட வேண்டிய விஷயம். அதற்காகச் சோதனையே வேண்டாம் என்றால் பெயர் தெரியாத நோய்க்கு மருந்து தேட வேண்டியதுதான்.

வீட்டில் யாருக்காவது கட்டி எடுத்தால், சதை எந்த லேபுக்குப் போகிறது, எதில் போட்டு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் அபூர்வமான பெயரோ, ‘மேற்கொண்டு சோதனை தேவை’ என்ற வரியோ இருந்தால் ப்ளாக்கை வாங்கி இன்னொரு பேதாலஜிஸ்டிடம், அதாவது என்னைப் போல் சதையைச் சோதித்து நோயின் பெயர் சொல்லும் டாக்டரிடம் காட்டுங்கள். எங்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். நாங்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக் கேட்பவர்கள்தான். கொண்டுவரும்போது காரின் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். நம் வெயிலுக்கு மெழுகு தாங்காது.

மூன்று மாத மாத்திரைக்குப் பிறகு எடுத்த ஸ்கேனோடு மகள் வந்தார். கட்டிகள் சுருங்கியிருந்தன. ரிப்போர்ட்டை என்னிடம் காட்டிவிட்டு, கிளம்பும்போது தயங்கி நின்றார். “அந்த மூணு ப்ளாக்கையும் அப்பா கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னார்.” மாத்திரைக் கவர் கிழிந்துபோயிருந்ததால் புதிதாக ஒரு டப்பாவில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்தேன்.