நுரையீரலை மூடிவைத்து முக்குளிக்கும் கடல் சிங்கம்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கடல் சிங்கம் 300 மீட்டர் ஆழம் போகுமாமே, அந்த அழுத்தத்தில் நுரையீரல் நசுங்கிவிடாதா?"

நசுங்கத்தான் செய்கிறது.

10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது பள்ளிப் பாடம். 225 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல 23 மடங்குக்கும் மேல். காற்றின் கன அளவும் அதே கணக்கில் சுருங்கிவிடும். சீல்கள் பெரும்பாலும் மூச்சை வெளியே விட்டுவிட்டு முக்குளிக்கும். கடல் சிங்கமோ காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிற ரகம்.

ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிர்ஜிட் மெக்டொனால்டும் பால் பொங்கானிஸும் கலிபோர்னியாக் கடல் சிங்கம் ஒன்றின் தமனியில் ஆக்சிஜனை அளக்கும் மின்முனையைப் பொருத்திக் கடலில் விட்டார்கள். அந்தப் பெண் விலங்கு சுமார் 300 மீட்டர் வரை போய்வந்தது. 2012-இல் வெளியான முடிவு இது: இறங்கும்போது 225 மீட்டர் வாக்கில் தமனி ஆக்சிஜன் அழுத்தம் சட்டென்று சரிந்தது, மேலே வரும்போது ஏறத்தாழ அதே ஆழத்தில் மீண்டும் எழும்பியது.

நுரையீரலின் நுண்ணறைகள், அதாவது காற்றிலிருந்து வாயு ரத்தத்துக்குள் போகும் குட்டிப் பைகள், மூடிக்கொண்டதன் அடையாளம் அந்தச் சரிவு. அவற்றில் இருந்த காற்று குருத்தெலும்பு தாங்கிநிற்கும் மூச்சுக்குழாய்களுக்கு ஒதுங்கிவிடுகிறது. குழாய்ச் சுவர் வழியே வாயு ரத்தத்துக்குள் புகாது. அதனால் நைட்ரஜன் ரத்தத்தில் அளவுமீறிக் கரைவதில்லை. ஆழ்கடலில் வேலை செய்துவிட்டு அவசரமாக மேலே வரும் மனிதர்களை கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி முடக்கிப்போடும் குமிழி நோயிலிருந்து கடல் சிங்கம் தப்பிக்கும் வழி இது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதிதான். நைட்ரஜனோடு ஆக்சிஜனும் குழாய்களில் சிறைப்படுகிறது அல்லவா? அது அஞ்சறைப் பெட்டிக்குள் அம்மா ஒளித்துவைத்த பணம் மாதிரி. ஆழத்தில் மீனைத் துரத்தும்போது அதில் கைவைக்க முடியாது. திரும்பும் வழியில் நுண்ணறைகள் திறந்ததும் ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. மூச்சடக்கி முக்குளிக்கும் மனிதர்கள் பலர் மயங்குவது அடியில் அல்ல, நீர்மட்டத்தை நெருங்கும்போது. அழுத்தம் குறையக் குறைய, மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) விழுந்துவிடுவதே காரணம். கடல் சிங்கத்துக்குச் சரியாக அந்த வழியில்தான் சேமிப்பு கைக்கு வருகிறது.

மூடிய நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் திரும்பத் திறப்பதும் லேசான காரியமல்ல. அவற்றின் உட்புறத்தில் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம் அதற்கு உதவுகிறது. நமக்கும் அது உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு அது போதாமல் போகும்போதுதான் நுண்ணறைகள் மூடிக்கொண்டு மூச்சுத் திணறுகிறது. மருத்துவர்கள் சர்ஃபாக்டன்டை வெளியிலிருந்து செலுத்திக் காப்பாற்றுகிறார்கள். அப்படியிருக்க, ஒரு நாளில் பலமுறை நுரையீரலை மூடித் திறக்கும் விலங்கை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.