உங்கள் வீட்டு மழைநீர்க் குழியைத் திறந்து பார்த்து எத்தனை வருஷமாச்சு?

சென்னையில் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் கார் பார்க்கிங் பற்றிக் கேட்கிறார்கள், லிஃப்ட் பற்றிக் கேட்கிறார்கள், போர் எத்தனை அடி, மெட்ரோ வாட்டர் வருதா என்றும் தவறாமல் கேட்கிறார்கள். மாடியில் விழும் மழையை மணலும் ஜல்லியும் வழியாக நிலத்துக்குள் இறக்குகிற மழைநீர்க் குழி எந்த மூலையில் இருக்கிறது, அதை எப்போது தூர் வாரினீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நான் சிவில் எஞ்சினியர். அடுக்குமாடிகளின் தண்ணீர்ப் பிரச்சினைகளைப் பார்த்துச் சரிசெய்வதுதான் தொழில். கோடை பிறந்துவிட்டால் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் "போரை இன்னும் நூறு அடி இறக்கலாமா சார்?" என்பதுதான். இறக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது இந்த நகரம் தெருத்தெருவாகக் குழி தோண்டியது. நல்ல சட்டம். அதன் பிறகு நல்ல மழையும் சேர்ந்துகொள்ள, பல பகுதிகளில் கிணற்று மட்டம் ஏறியது. ஆனால் குழியைக் கட்டச் சொன்ன அளவுக்கு அதைப் பராமரிக்கச் சொல்லி யாரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. மண் சேர்ந்து அடைத்துக்கொண்ட குழியில் மழைநீர் இறங்காது. காகிதத்தில் மட்டும் சேகரிப்பு நடந்துகொண்டிருக்கும்.

திருவான்மியூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில் போர் தண்ணீரில் நுரை வருகிறது, நாற்றம் வேறு என்று கூப்பிட்டார்கள். பின்பக்கம் செடித்தொட்டிகளை நகர்த்தி, சிமென்ட் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். மேலே இருந்த மணல் கறுப்புக் களியாகி இறுகிக் கிடந்தது. அதற்குள் பால் பாக்கெட், பெயின்ட் பிரஷ், டைல்ஸ் போட்டபோது கழுவிவிட்ட சிமென்ட் பால் காய்ந்த கட்டி. மாடியிலிருந்து இறங்குகிற குழாயில், இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து இன்னொரு குழாய் வந்து சேர்ந்திருந்தது. வாஷிங் மெஷின் தண்ணீர்! சோப்பு நீர் நாள் தவறாமல் குழிக்குள் இறங்கி, பக்கத்துப் போரில் வந்து நின்றிருக்கிறது. அசோசியேஷன் செயலாளர் பெரியவர், நல்ல மனிதர். "அது கவர்ன்மென்ட்டுக்காகப் போட்டதுன்னு நினைச்சோம் தம்பி, நமக்கு உபயோகம்னு யாரும் சொல்லலையே" என்றார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். சென்னையில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 1,500 சதுர அடி மொட்டை மாடி என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு ஏறக்குறைய 1,95,000 லிட்டர் விழுகிறது. ஆவியாவது, வழிவது எல்லாம் போக 80 சதவீதம் பிடித்தாலே ஒன்றரை லட்சம் லிட்டரைத் தாண்டும், 12,000 லிட்டர் லாரியில் 13 லோடு. இதைத் தெருவில் விட்டுவிட்டு, முட்டியளவு தண்ணீர் நிற்கிறது என்று டிசம்பரில் வருந்தி, மே மாதம் லாரிக்குப் போன் செய்கிறோம். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே ஊரில்தான், 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நிலத்தடியில் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அது கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அண்டவிடாமல் தள்ளி வைக்கும், இது நிலத்தடி நீரியலின் பால பாடம். மேலே ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால் கீழே உப்பு எவ்வளவு ஏறிவரும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி இறைத்து, கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதனால் பெசன்ட் நகரிலோ பாலவாக்கத்திலோ போரை ஆழப்படுத்துவது பல நேரம் காசு கொடுத்து உப்பை வாங்குவதுதான். அங்கே மணல் பூமி, மழைநீர் சட்டென்று இறங்கும். பழைய கிணறு இருந்தால் மூடிவிடாதீர்கள், மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுங்கள், அதைவிடச் சிறந்த சேகரிப்பு கிடையாது. களிமண் பகுதியில் மூன்றடிக் குழி போதாது, களியைத் தாண்டி இறங்குகிற உறை கிணறு வேண்டும். கிண்டி, வேளச்சேரி மாதிரிப் பாறை உள்ள இடங்களில் சம்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், நேரடியாகப் பிடிப்பதையும் யோசியுங்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனில் தொழிற்சாலைகளுக்குத் தருகிற ஏற்பாடு மிகச் சரியான திசை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்க ஆலைகள் அமைத்தார்கள். அது அவசியம், ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் பிடிக்கும். மாடியிலிருந்து கிணற்றுக்கு இறங்குகிற தண்ணீருக்கு மின்சாரமே வேண்டாம். புதுக் கட்டடத்துக்கு அனுமதி தரும்போது பார்ப்பதோடு நிறுத்தாமல், சில வருஷங்களுக்கு ஒருமுறை குழி வேலை செய்கிறதா என்று தண்ணீர் ஊற்றிச் சோதிக்கிற நடைமுறை வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, அதுவரை நாம் என்ன செய்வது? செப்டம்பரிலேயே வேலையை முடித்துவிடுங்கள். மொட்டை மாடியைப் பெருக்கி, குழாய் வாய்களில் வலை போடுங்கள். வாஷிங் மெஷின், சமையலறைக் குழாய் எதுவும் மழைக் குழாயில் சேராமல் பாருங்கள், சேர்ந்திருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். குழியின் மேல் மணலை வழித்து எடுத்துப் புது மணல், ஜல்லியைக் கழுவித் திரும்பப் போடுதல், அவ்வளவுதான். சின்னக் குழி என்றால் கொத்தனாரும் ஓர் ஆளும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஆழமான உறை கிணறு என்றால் மட்டும் மிகக் கவனம்: பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றில் விஷவாயு இருக்கலாம், கழிவுநீர் கசிந்திருந்தால் நிச்சயம் ஆபத்து. மேலிருந்தே இயந்திரம் வைத்துத் தூர் வாருங்கள், எவ்வளவு செலவானாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு, குழி நிறைந்தால் வழிய ஒரு குழாய், இரண்டும் வேண்டும்.

அப்புறம், கிணறு இருந்தால் மாதம் ஒருமுறை கயிற்றில் கல் கட்டி இறக்கி மட்டத்தை அளந்து, வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அசோசியேஷன் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, லாரித் தண்ணீருக்குக் கொடுத்த தொகையோடு அந்த அளவையும் சேர்த்து வாசியுங்கள்.