தூய இனம் என்பது தடுப்பூசி அல்ல

சென்ற திங்கட்கிழமை காலை, கால்நடை மருந்தகத்தை நான் திறப்பதற்கு முன்பே வாசலில் ஒரு யூரியாச் சாக்கு காத்திருந்தது. உள்ளே சிறுவிடை என்ற நாட்டு இனத்துக் கோழிகள் பதினொன்று செத்துக் கிடந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். முன் இரைப்பையின் உட்சுவர் முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் இரத்தப் புள்ளிகள். வெள்ளைக் கழிச்சல், அதாவது இராணிக்கேட் என்ற வைரஸ் நோய். தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டதற்கு, இருநூறு குஞ்சுகளோடு பண்ணை தொடங்கியிருந்த அந்த நண்பர், "சுத்தமான நாட்டுக் கோழி சார், இதுக்கு எதுக்கு ஊசி?" என்றார். இந்தக் கோடையில் இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

இனத் தூய்மை வேறு, நோய் எதிர்ப்பு வேறு. ஒரு கோழி அசிலா, சிறுவிடையா, மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத்தா என்பது அதன் தாய் தகப்பனைப் பொறுத்தது. கழிச்சல் வைரஸுக்கு எதிரான பாதுகாப்போ, தடுப்பூசி போட்ட தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வந்தாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். நாட்டுக் கோழி வெயிலைத் தாங்கும், குப்பையைக் கிளறி இரை தேடும், பருந்தின் நிழலைக் கண்டால் பதுங்கும் என்பதெல்லாம் உண்மைதான். அதனால் கழிச்சலையும் தாங்கிவிடும் என்று முடிவு கட்டுவதுதான் தவறு.

"எங்கள் பாட்டி ஊசி போட்டா வளர்த்தார்?" என்பது அடுத்த கேள்வி. இல்லை. பாட்டியின் பஞ்சாரத்தில் இருந்தவை ஏழெட்டுக் கோழிகள். கோடையில் கழிச்சல் விழுந்தால் தெருவே காலியாகும். தப்பிய ஒன்றிரண்டு பெட்டைகளை அடைவைத்துப் பாட்டி மறுபடி தொடங்குவார். செத்தவற்றை மறந்துவிட்டுப் பிழைத்தவற்றை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். நீங்களோ கடன் வாங்கி இருநூறு உயிர்களை ஒரே கூரையின் கீழ், ஒரே தண்ணீர்த் தட்டில் வளர்க்கிறீர்கள்.

கழிச்சலைத் தடுக்கும் முறை இதுதான்: குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து, நான்காவது வாரத்தில் மீண்டும் லசோட்டா, எட்டாவது வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் அதே நோய்க்கான ஆர்2பி தடுப்பூசி, அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம். மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டு செல்லுங்கள். சட்டைப் பையில் வைத்து இருபது கிலோமீட்டர் பைக்கில் போனால் அது மருந்தே அல்ல. கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது; மாட்டுக்கு ஓடி வருபவர்கள் கோழிக்கு வருவதில்லை. செத்த பிறகு வந்து, வைரஸ் நோய்க்கு ஆண்டிபயாட்டிக் கேட்கிறார்கள்.

சந்தையில் வாங்கிய சேவலை அன்றைக்கே மந்தையில் விடாதீர்கள். மூன்று வாரம் தனியே கட்டி வையுங்கள், அதற்குத் தனித் தண்ணீர்த் தட்டும் வையுங்கள்.

முட்டைக் கணக்கிலும் இதே மயக்கம் இருக்கிறது. நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடுகிறதென்றால், சிறுவிடை இடுவது அறுபது முதல் எண்பது. ஒரு ஈடு முட்டை இட்டு முடிந்ததும் அடையில் உட்கார்ந்துவிடும். இறைச்சிக்கு ஒன்றேகால் கிலோ எடை வர ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். நல்ல விலை கிடைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். தூய இனத்தைப் பெருக்குவதே நோக்கமென்றால் எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும்; அந்தச் சேவல் உடன்பிறப்பாக இருக்கக் கூடாது. அண்ணனும் தங்கையும் தலைமுறைதோறும் சேர்ந்தால், பொரிக்கும் குஞ்சுகள் குறைவதை நீங்களே காண்பீர்கள். வேறு ஊர் வழிச் சேவலை ஆண்டுக்கொரு முறையாவது மாற்றுங்கள்.

அந்த நண்பருக்கு அடுத்த வண்டிக் குஞ்சுகள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. வேண்டாமென்று நிறுத்தச் சொன்னேன். செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்து, பழைய கூளத்தை எரித்து, கொட்டகைக்கு வெள்ளையடித்து, ஒரு மாதமாவது காலியாகப் போடுங்கள் ஐயா. அதன்பின் பத்துப் பெட்டை, ஒரு சேவல் மட்டும் வாங்குங்கள். ஏழாம் நாள் சொட்டு மருந்துக்குக் குஞ்சு பொரித்த அன்றே என்னிடம் சொல்லி வையுங்கள்.